ஸ்கியாவோனேயா, பென்னெட்டாவா?

2024-இல் ஜாஸ்மின் பாவோலினி பாரிசிலும் விம்பிள்டனிலும் அடுத்தடுத்து இறுதிப் போட்டிக்கு வந்ததிலிருந்து இத்தாலியப் பெண்கள் டென்னிஸைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் முந்தைய தலைமுறைக்குத்தான் போய் நிற்கிறது. எர்ரானி, வின்ச்சி, பென்னெட்டா, ஸ்கியாவோனே என்று நால்வர் இருந்த காலம் அது. அவர்களில் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்றவர்கள் இருவர்: 2010 பிரெஞ்சு ஓபனில் ஃபிரான்செஸ்கா ஸ்கியாவோனே, 2015 அமெரிக்க ஓபனில் ஃபிளாவியா பென்னெட்டா. இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தயங்காமல் பென்னெட்டா என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒற்றையர் பட்டங்கள் பென்னெட்டாவுக்கு 11, ஸ்கியாவோனேவுக்கு 8. இரட்டையரில் 17-க்கு 7. இரட்டையர் ஆட்டத்தைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. அர்ஜென்டினாவின் கிசெலா டுல்கோவோடு சேர்ந்து பென்னெட்டா 2011 ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். அடுத்த மாதமே உலக இரட்டையர் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். இத்தாலியர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாட்டுக்காக ஆடும், அப்போது ஃபெட் கோப்பை எனப்பட்ட போட்டியிலும் பென்னெட்டாவுக்கு நான்கு, ஸ்கியாவோனேவுக்கு மூன்று. ஒற்றையர் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இத்தாலியப் பெண்ணும் பென்னெட்டாதான், 2009 ஆகஸ்டில்.

இதோடு நிறுத்திக்கொண்டால் விவாதம் முடிந்தது. ஆனால் ஒற்றையரில் பெரிய போட்டிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது. ஸ்கியாவோனே நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் காலிறுதி ஆடியவர். பென்னெட்டா பாரிசிலும் விம்பிள்டனிலும் நான்காவது சுற்றைத் தாண்டியதே இல்லை. உச்சத் தரவரிசை ஸ்கியாவோனேவுக்கு 4, பென்னெட்டாவுக்கு 6. அப்புறம், கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டிகள்: ஸ்கியாவோனே இரண்டு, பென்னெட்டா ஒன்று.

ஸ்கியாவோனேவின் அந்த முதல் இறுதிப் போட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1976-இல் அத்ரியானோ பனாட்டா பாரிசில் வென்ற பிறகு 34 வருடம் எந்த இத்தாலியரும் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வென்றதில்லை. பெண்களில் அதற்கு முன்பும் யாரும் இல்லை. ஸ்கியாவோனேவுக்கு முப்பது வயது நிறைய இன்னும் 18 நாள். எதிரே ஆஸ்திரேலியாவின் சமந்தா ஸ்டோசர். அந்தத் தொடரில் ஹெனின், செரீனா, யான்கோவிச் என்று மூன்று பெரிய தலைகளைச் சாய்த்துவிட்டு வந்தவர். ஸ்டோசர்தான் ஜெயிப்பார் என்பதே பொதுவான கணிப்பு. முதல் செட்டை 6-4 என்று ஸ்கியாவோனே எடுத்தார். இரண்டாவதில் ஸ்டோசர் 4-1 என்று முன்னால் போனார். அங்கிருந்து ஸ்கியாவோனே டை-பிரேக் வரை, அதாவது 6-6 ஆன செட்டைப் புள்ளிகளால் முடிவு செய்யும் கட்டம் வரை, இழுத்து வந்தார். டை-பிரேக்கில் 2-2. அதற்குப் பிறகு ஐந்து புள்ளிகள், ஐந்தும் அவருக்கே.

அந்த ஐந்து புள்ளிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பயந்து பந்தை உள்ளே போட்டுவிட்டு எதிராளி தவறு செய்யக் காத்திருக்கும் ஆட்டம் இல்லை அது. முன்னேறி அடிக்கிறார், வலைக்கு ஓடி வருகிறார், ஒரு கையால் அடிக்கும் அந்த பேக்ஹேண்டில் பந்தை ஸ்டோசரின் தோளுக்கு மேலே எழும்ப வைக்கிறார். முடிந்ததும் மல்லாந்து விழுந்தார், புரண்டு களிமண்ணுக்கு முத்தம் கொடுத்தார். முகமெல்லாம் செம்மண்.

அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். அரையிறுதியில் டெமென்டியேவா முதல் செட்டோடு காயத்தால் விலகினாரே என்பது அவர்கள் வாதம். சரி, அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வருடமும் அதே பாரிசில் இறுதிப் போட்டிக்கு வந்தாரே, அது என்ன? லி நாவிடம் 4-6, 6-7 என்று தோற்றார். ஆனாலும் பட்டத்தைக் காக்க வந்தவர் கடைசி ஆட்டம் வரை வந்து நின்றார்.

இரண்டுக்கும் நடுவே மெல்போர்ன் இருக்கிறது. 2011 ஆஸ்திரேலிய ஓபன் நான்காவது சுற்றில் குஸ்னெட்சோவாவை 6-4, 1-6, 16-14 என்று வென்றார். 4 மணி 44 நிமிடம். பெண்கள் கிராண்ட் ஸ்லாம் வரலாற்றில் அதுவரை அவ்வளவு நீளமான ஆட்டம் நடந்ததில்லை. தோல்வியின் விளிம்பில் நின்று ஆறு மேட்ச் பாயின்ட்களைக் காப்பாற்றினார்.

ஆச்சரியம் என்னவென்றால் பென்னெட்டாவின் கணக்கிலும் இதே எண்ணிக்கையில் ஓர் ஆட்டம் உண்டு. 2009 அமெரிக்க ஓபன் நான்காவது சுற்று, எதிரே ஸ்வோனரேவா, அதே ஆறு மேட்ச் பாயின்ட். இரண்டாவது செட்டை டை-பிரேக்கில் பிடுங்கினார், மூன்றாவது 6-0. ஸ்வோனரேவா முழங்காலில் சுற்றியிருந்த கட்டை அழுதுகொண்டே பிய்த்தெடுத்தார். இந்தப் பக்கம் பென்னெட்டா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவருடைய பலமே அந்த நிதானம்தான். தட்டையான, சுத்தமான இரு கை பேக்ஹேண்ட், அலட்டாத கால்கள். கடினத்தரையில், அதிலும் அமெரிக்க ஓபன் நடக்கும் நியூயார்க்கில், அவர் வேறு ஆள்.

2012-இல் மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. தரவரிசை 150-க்கும் கீழே போனது. 2013-இல் திரும்பி வந்து அமெரிக்க ஓபன் அரையிறுதி, 2014-இல் இந்தியன் வெல்ஸ் பட்டம். 2015-இல், 33 வயதில், அமெரிக்க ஓபன். இறுதிப் போட்டியில் செரீனாவைச் சந்திக்காமல் தப்பித்தார் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஸ்டோசர், க்விட்டோவா, ஹலெப் என்று வரிசையாக வென்றுதான் வந்தார். ஹலெப்பை 6-1, 6-3 என்று ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார். செரீனாவை வின்ச்சி பார்த்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்தே பழகிய, அதே புலியா பகுதியிலிருந்து வந்த இருவரும் இறுதிப் போட்டியில் எதிரெதிரே நின்றார்கள். 7-6, 6-2. பரிசளிப்புக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திண்ணையில் அரட்டை அடிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, இந்த வருடத்தோடு ஓய்வு பெறப்போகிறேன் என்று பென்னெட்டா அறிவித்தார்.

அந்த அறிவிப்புதான் பலருடைய தீர்ப்பை முடிவு செய்கிறது என்று நினைக்கிறேன். உச்சியில் இருக்கும்போதே விடைபெற்றார், அதனால் அவரே பெரியவர். விடைபெற்ற விதம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அழகாக விடைபெறுவது வேறு, ஆடிய ஆட்டம் வேறு. ஸ்கியாவோனே 2018 வரை ஆடினார். தரவரிசை சரிந்தது, தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது, 61 கிராண்ட் ஸ்லாம்கள் தொடர்ந்து ஆடிய வரிசை 2016 மெல்போர்னில் அறுந்தது. இழுத்துக்கொண்டே போனார் என்று இதைக் குறையாகச் சொல்கிறார்கள். முதல் பட்டத்துக்கு முன்னால் எட்டு இறுதிப் போட்டிகளில் தோற்று, 2007-இல் ஒன்பதாவதில்தான் ஜெயித்தவர் அவர். அப்படிப்பட்டவர் தோல்விக்குப் பயந்து ஏன் சீக்கிரம் கிளம்ப வேண்டும்?

இரட்டையரையும் சேர்த்து மொத்த வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டால் பென்னெட்டா மேலே வருவார். ஒற்றையரில் எனக்கு ஸ்கியாவோனேதான். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 2010 இறுதியையும் மெல்போர்னின் அந்த மூன்றாவது செட்டையும் முதலில் பாருங்கள். முடிந்தால் 2017-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் நடந்த போட்டியையும் தேடிப் பாருங்கள். 36 வயது, தரவரிசை நூறுக்கு வெளியே, பெரிய கூட்டமில்லாத ஒரு களிமண் தரை. அங்கேதான் ஸ்கியாவோனே தன் எட்டாவது பட்டத்தை வாங்கினார்.