பாரி/ஜிபி: காரணி பிடிபடாத ஒரு பகு எண்ணோடு பல ஆண்டுகள்

இரண்டின் 1277-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 385 இலக்க எண் ஒன்று வரும். 260 என்று தொடங்கி 271 என்று முடியும். அது பகு எண் என்பதில் ஐயமே இல்லை. ஆனால், எனக்குத் தெரிந்தவரை அதன் ஒரு காரணியைக்கூட யாரும் கண்டுபிடித்ததில்லை. இப்படி இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருபவை மெர்சன் எண்கள். அடுக்கு பகா எண்ணாக இருக்கும் மெர்சன் எண்களில், இப்படிக் காரணி பிடிபடாமல் நிற்பவற்றுள் மிகச் சிறியது இதுதான். எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கான பாரி/ஜிபி (சுருக்கமாக ஜிபி) மென்பொருளை நான் விடாமல் பயன்படுத்தி வருவதற்கு இந்த எண்ணே காரணம்.

பிரான்சின் போர்தோ நகரில் ஆன்ரி கோயன் குழுவினர் தொடங்கிய இலவச மென்பொருள் இது. பழைய மடிக்கணினியிலும் சிரமமின்றி ஓடும். காரணியே தெரியாமல் பகு எண் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதில் லூக்கா-லேமர் சோதனையைச் செய்து காட்டுவேன். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். இதை 1275 முறை செய்தபின் மீதி பூஜ்யமானால் பகா எண். இல்லையென்றால் பகு எண். ஜிபியில் ஒரே வரிதான். கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும்.

ஃபெர்மா சோதனை என்று இன்னொன்று உண்டு: ஒரு அடிமானத்தை, நம் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி நம் எண்ணால் வகுக்க வேண்டும்; நம் எண் பகா எண்ணானால் மீதி 1 வரும். இதை 2-ஐ அடிமானமாக வைத்துச் செய்தால் இந்த எண் பகா எண்ணைப் போலவே தேறிவிடும். நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 1277-இன் மடங்கு. இரண்டின் 1277-ஆம் அடுக்கோ நம் எண்ணால் வகுக்கும்போது மீதி 1 தருகிறது. பிறகு தேறாமல் என்ன செய்யும்? அடிமானத்தை 3 ஆக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: 3-இன் அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுப் பிறகு மீதி எடுக்கச் சொன்னால் ஜிபி பிழை காட்டி நின்றுவிடும். மீதியை மட்டும் வைத்துக் கணக்கிடும் 'மாட்' கட்டளைக்குள் 3-ஐ வைத்து அடுக்கேற்ற வேண்டும்.

காரணிகளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பகாக் காரணியையும் 2554-ஆல் வகுத்தால் மீதி 1. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. 2555, 5109 இரண்டும் இந்த எட்டின் சல்லடையிலேயே நின்றுவிடுகின்றன. 7663 தப்பி வருகிறது, ஆனால் அது 79 × 97. அடுத்த 10217-உம் 17 × 601. இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில் எனக்கு இன்னும் சலிப்பு வரவில்லை.

குறைகளும் உண்டு. காரணிகளைப் பிரிக்கும் 'ஃபாக்டர்' கட்டளையிடம் இந்த எண்ணை அப்படியே கொடுக்காதீர்கள். எவ்வளவு தூரம் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தேடலுக்கு வரம்பு கொடுத்தால் பயனுண்டு. தொடக்கத்தில் ஒதுக்கப்படும் நினைவகம் 8 மெகாபைட் மட்டுமே என்பதால் பெரிய கணக்குகளில் 'ஸ்டாக்' நிரம்பிவிட்டதென்ற செய்தி எரிச்சலூட்டும். நினைவகத்தின் உச்சவரம்பை முதலிலேயே கூட்டிவைத்துவிட வேண்டும்.

பெரிய எண்களுக்குக் காரணி தேட உதவும் நீள்வட்ட வளைவரை முறைக்கு ஜிஎம்பி-ஈசிஎம் என்ற தனி மென்பொருளே சிறந்தது. தேடல் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அதில் 'முதல் எல்லை' என்ற எண் தீர்மானிக்கும். 35 இலக்கக் காரணியைத் தேட அதைப் பத்து லட்சம் என்றும், 40 இலக்கத்துக்கு முப்பது லட்சம் என்றும் வைப்பது வழக்கம். 1277-இல் அந்த அளவுகளையெல்லாம் மெர்சன் எண்களை இணையம் வழியாகக் கூட்டாக ஆராயும் கிம்ப்ஸ் திட்டத்தின் தன்னார்வலர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். வீட்டுக் கணினியில் வெற்றியை ருசிக்க விரும்புபவர்கள் வேறு அடுக்குகளை எடுத்துக்கொள்ளலாம்.

67-ஆம் அடுக்கின் மெர்சன் எண் பகு எண் என்று கணிதவியலாளர் லூக்கா 1876-இல் நிறுவினார். 193707721 × 761838257287 என்று அதைக் கணிதவியலாளர் கோல் பிரித்துக் காட்டியது 1903-இல்தான். ஜிபி அதை நொடிக்குள் பிரித்துவிடுகிறது. 320 இலக்கம் கொண்ட 1061-ஆம் அடுக்கின் எண்ணோ 2012-இல்தான், 143 இலக்கமும் 177 இலக்கமும் கொண்ட இரு பகா எண்களாகப் பிரிந்தது. நம் எண் அதைவிட 65 இலக்கம் நீளம்.