காவல் நிலையத்தின் மீதே விழுந்த சிவப்புப் புள்ளி

காவல்துறையின் குற்றப் பகுப்பாய்வுப் பிரிவு ஒன்றில் 12 வாரங்கள் பயிற்சி மாணவியாக இருந்துவிட்டு வந்திருக்கிறேன். புள்ளியியலோ புவியியலோ குற்றவியலோ படிப்பவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். துப்பறியப் போகிறோம் என்ற எண்ணத்தோடு மட்டும் போக வேண்டாம். முதல் ஐந்து வாரம் எனக்கு வாய்த்தது எக்செல் தாள்தான்.

சேர்வதற்கே பொறுமை வேண்டும். கைரேகை, பின்னணி விசாரணை, ரகசியக் காப்பு உறுதிமொழி எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆயிற்று. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேலையை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. களவு கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் கண்முன்னே கிடக்கும் இடத்தில் அந்தக் கண்டிப்பு வேண்டியதுதான்.

இரண்டு ஆண்டு வீட்டுத் திருட்டுப் புகார்களை முகவரி திருத்தி வரைபடத்தில் ஏற்றுவது என் முதல் வேலை. ஒரே தெருவின் பெயர் ஒன்பது விதமாக எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து ஏற்றியபோது ஓரிடம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். எனக்கு வழிகாட்டிய பகுப்பாய்வாளர் சீருடைப் பணியில் இல்லாதவர். இந்த வேலையிலேயே ஊறியவர். "அது என்ன இடம் என்று பார்த்தாயா அம்மா?" என்றார். பார்த்தேன். காவல் நிலையம்! சம்பவ இடம் தெரியாத புகார்களுக்கெல்லாம் நிலையத்தின் முகவரியையே எழுதி வைத்திருக்கிறார்கள். நள்ளிரவு 12 மணியிலும் இப்படித்தான் திருட்டுகள் குவிந்திருந்தன. நேரம் எழுதாமல் விட்ட இடத்திலெல்லாம் மென்பொருள் தானாகவே 00:00 என்று போட்டிருந்தது. அந்த வரைபடத்தை நம்பி இரவு ரோந்து அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து, தரவைத் துப்புரவு செய்வதைக் கீழான வேலையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நேரக் கணக்கைத்தான் மிகவும் ரசித்துக் கற்றேன். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர் ஞாயிறு மாலை 6 மணிக்கு வந்து பார்க்கிறார். பூட்டு உடைந்து கிடக்கிறது. இடையில் 48 மணி நேரம். திருட்டு எப்போது நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் அந்த ஒரு திருட்டை 48 பங்காக்கி, மணிக்கு ஒரு பங்கு வைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான புகார்களை இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எந்த நேரத்தில் கனம் சேர்கிறது என்பது மெல்லத் தெளிகிறது. நாங்கள் அடுக்கிப் பார்த்ததில் நள்ளிரவுக் குவியல் கரைந்து, வேலைநாள் முற்பகலில் மேடு தட்டியது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதிக்குமேல் சுமார் 3 சதவீத இடங்களிலிருந்தே வந்தன என்று குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்ந்தோரும் 1989இல் எழுதியதை வகுப்பில் படித்திருந்தேன். இங்கே அதைக் கண்ணால் கண்டேன். ஒரே வீட்டிலிருந்து 11 நாள் இடைவெளியில் இரண்டு புகார்கள். முதல் புகாரில் களவு போனது தொலைக்காட்சி. இரண்டாவதில் "புதிய தொலைக்காட்சி, பெட்டி பிரிக்காதது" என்று எழுதியிருந்தது. அந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ஒருமுறை திருடு போன வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அடுத்த சில வாரங்கள் ஆபத்து கூடுதல் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. இதுபோன்ற வீடுகளைத் தேடிப் பட்டியலிட்டுக் கொடுத்தேன். வாராந்திரக் குறிப்பில் அதைச் சேர்த்து ரோந்துப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

என் மனக்குறை இங்கேதான். அனுப்பிய குறிப்பு என்ன ஆயிற்று என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. ரோந்து போனார்களா, அந்த வீட்டுக்காரரிடம் யாராவது பேசினார்களா, பூட்டு மாற்றச் சொன்னார்களா? கேட்டும் பதில் வரவில்லை. தன் வேலையின் பலனை அறியாத மாணவர் தன் தவற்றையும் அறிய மாட்டார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. போதைப்பொருள் வழக்குகளுக்கு வரைபடம் கேட்டார்கள். பொதுமக்கள் அழைத்துத் தெரிந்தவற்றையும், ரோந்துக் காவலர்கள் தாமாக நிறுத்திச் சோதித்துப் பிடித்தவற்றையும் தனித்தனி நிறத்தில் காட்டலாம் என்றேன். காவலர் அதிகம் போகும் பகுதியில் வழக்கும் அதிகம் பதிவாகும். அந்தப் பதிவைப் பார்த்து மறுபடியும் அங்கேயே அனுப்பினால் சுழற்சி முடியவே முடியாது. குற்றம் நடக்கும் இடத்தை முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருளை லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 2020இல் கைவிடுவதற்கு முன்பு, அங்கே எழுந்த எதிர்ப்பிலும் இந்தக் கேள்வி இருந்தது. "இப்போது நேரமில்லை" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வழிகாட்டியவர் மட்டும் என் பக்கம் நின்று, வரைபடத்தின் அடியில் ஒரு குறிப்பு எழுத வைத்தார். அதற்காக அவருக்கு என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.

போகிறவர்கள் எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிளையும், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முகவரி ஏற்றுவதையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் மிச்சமாகும். நேர்காணலில் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: ரோந்து அதிகாரிகளோடு நடக்கும் வாராந்திரக் கூட்டத்தில் பயிற்சி மாணவருக்கும் ஒரு நாற்காலி உண்டா? நான் கேட்காமல் சேர்ந்துவிட்டேன்.