கொள்ளுப்பாட்டிக்கு வயது 18ஆ, 16ஆ? கல்யாணப் பதிவேடும் ஞானஸ்நானப் புத்தகமும்

என் கொள்ளுப்பாட்டியின் கல்யாணம் 1911 ஜூனில், மாப்பிள்ளை ஊர்ப் பங்குக் கோயிலில் நடந்தது. அங்குள்ள கல்யாணப் பதிவேட்டில் பெண்ணுக்கு வயது 18 என்று இருக்கிறது. பாட்டி பிறந்த ஊருக்குப் போய் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினேன். 1892 அக்டோபரில் அதே பெயர், அதே தாய் தகப்பன். கணக்கு அச்சாகப் பொருந்தியது. அன்றைக்கே வம்சாவளியில் எழுதிவிட்டேன். அது தப்பு என்று தெரிய இரண்டு வருஷம் ஆனது.

கல்யாணப் பதிவேட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். தேதி, ஊர், பெற்றோர் பெயர், சாட்சிகள் என்று எல்லாமே கண்ணெதிரில் நடந்ததைப் பார்த்து எழுதியவை. வயது மட்டும் அப்படியில்லை. சாமியார் கேட்பார், வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், அவர் எழுதிக்கொள்வார். நம் ஊரில் 'பதினெட்டு நடக்குது' என்றால் முடிந்தது பதினேழுதான். லத்தீனில் எழுதிய பழைய ஏடுகளிலும் இதே சிக்கல் உண்டு. 'ஆன்னோ ஏட்டாட்டிஸ்' என்று போட்டிருந்தால் அது நடப்பு வயது. ஆக, எந்த வயதைப் பார்த்தாலும் ஒரு வருஷம் முன்பின் விட்டுத்தான் தேட வேண்டும்.

அப்புறம், அந்தக் காலத்து வயது வரம்பு என்ன என்று பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12 என்றிருந்தது, 1918 முதல் 16, 14 ஆனது. சீர்திருத்த சபைகளைச் சேர்ந்த இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1872 சட்டம் 16, 13 என்று வைத்தது. 1930 ஏப்ரல் முதல், குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டப்படி எல்லா மதத்தாருக்கும் 18, 14. வரம்பை ஒட்டினாற்போல் நிற்கும் வயதை நான் உடனே நம்புவதில்லை. 1931-ல் ஒரு பெண்ணுக்குச் சரியாக 14 என்று இருந்தால், 12, 13 வயதுக்கும் சேர்த்தே ஞானஸ்நானப் புத்தகத்தில் தேடுவேன்.

பிறந்த வருஷம் வேண்டுமென்றால் ஞானஸ்நானப் புத்தகம்தான் என் முதல் தேர்வு. கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளை பிறந்த சில நாளிலேயே கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். பிறந்த நாள் வீட்டாருக்கு மறந்திருக்காது, அதை மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பெரியவர்களாகி மதம் மாறியவர்களுக்கு இது பொருந்தாது. தாது வருஷப் பஞ்சத்தையொட்டி, 1876–78 வாக்கில், திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்த 30 வயதுக்காரரின் ஞானஸ்நானப் பதிவில் இருக்கும் வயதும் வாய்வார்த்தைதான்.

ஞானஸ்நானப் புத்தகத்தின் உண்மையான ஆபத்து வேறு. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம். நான் அதில்தான் மாட்டினேன். ரொம்ப நாள் கழித்து அதே கோயிலின் அடக்கப் புத்தகத்தைப் பார்த்தபோது, 1892-ல் பிறந்த அந்தக் குழந்தை 1894-லேயே போய்விட்டது தெரிந்தது. மறுபடி ஞானஸ்நானப் புத்தகத்துக்கு வந்தேன். 1895 மார்ச்சில் இன்னொரு மகள், அதே பெயர். அந்த வரிக்குப் பக்கத்து ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் 1911 ஜூன் தேதியும்! 1908 ஈஸ்டர் முதல், கல்யாணம் முடிந்ததும் ஞானஸ்நானம் பெற்ற ஊருக்குத் தகவல் அனுப்பி, அங்குள்ள புத்தகத்தில் குறித்துவைக்க வேண்டும் என்று ரோமாபுரி கட்டளை போட்டிருந்தது. ஆள் அடையாளத்துக்கு அந்த ஓரக்குறிப்பைவிட உறுதியான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. 1908-க்குப் பிந்தைய கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் ஓரத்தைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

ஆக, கல்யாணத்தன்று கொள்ளுப்பாட்டிக்கு வயது 16. வரம்பு 12தான் என்பதால் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. அக்காவின் வயதே வீட்டில் இவருக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று நினைக்கிறேன்.

கல்லறைக் கல்லை நான் கடைசியில்தான் வைப்பேன். 1973-ல் இறந்த கொள்ளுப்பாட்டிக்கு 'வயது 80' என்று செதுக்கியிருக்கிறது. கல்யாணப் பதிவோடு அது ஒத்துப்போனதால் ஆரம்பத்தில் இரண்டு சாட்சி கிடைத்ததாகவே எண்ணினேன். இரண்டுமே ஒரே வீட்டுப் பேச்சிலிருந்து வந்தவை. போதாததற்கு 60, 70, 80 என்று முழுசாக்கிச் சொல்லும் பழக்கம் வேறு. பள்ளிச் சான்றிதழும் ஏறக்குறைய இதே ரகம். கையைத் தலைக்கு மேலாக வளைத்துக் காதைத் தொடச் சொல்லிச் சேர்த்துக்கொண்ட காலத்தில், பிறந்த தேதி வாத்தியார் போட்டதுதான்.

இந்துக் குடும்பங்களில் ஞானஸ்நானப் புத்தகத்தின் இடத்தில் ஜாதகம் இருக்கிறது. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விய வருஷம் என்றால் 1886-ஆகவும் இருக்கலாம், 1946-ஆகவும் இருக்கலாம். குருவும் சனியும் 60 ஆண்டில் ஏறக்குறைய பழைய ராசிக்கே வந்துவிடும், ராகு வராது. கட்டத்தில் ராகு நிற்கும் இடத்தைப் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

வம்சாவளியில் இப்போது கொள்ளுப்பாட்டிக்கு நேராக '1895 மார்ச். கல்யாணப் பதிவில் வயது 18' என்று இரண்டையும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே, அதே பெயரில், அக்காவுக்கும் ஒரு வரி சேர்த்தாயிற்று: 1892–1894.