சரிவில் மரவேலி: படியா, சாய்வா?

சமதரையில் மரவேலி போடுவது பெரிய வித்தை இல்லை. நிலம் இறங்கத் தொடங்கியதும்தான் கேள்வி எழும். பலகைகள் அடித்த சட்டங்களை, அதாவது பேனல்களை, மட்டமாக நிறுத்திப் படிபடியாக இறக்கலாம். இல்லையென்றால் குறுக்குச் சட்டங்களை நிலத்தின் சாய்வோடு ஓடவிடலாம்.

எதற்கும் முதலில் சரிவை அளந்துவிடுங்கள். மேல்முனை முளையில் தரையை ஒட்டிக் கயிற்றைக் கட்டி, டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) மட்டம் பார்த்துக் கீழ்முனை முளைக்கு இழுங்கள். அங்கே கயிற்றுக்கும் தரைக்கும் உள்ள உயரம்தான் மொத்த இறக்கம். 10 மீட்டரில் 1 மீட்டர் இறங்கினால், தூண்களை 2 மீட்டர் இடைவெளியில் நடும்போது ஒவ்வொரு படியும் 20 செ.மீ. வரும். இடைவெளியை மட்டக் கயிற்றில்தான் குறிக்க வேண்டும். தரையோடு டேப் போட்டு அளந்தால் பேனல் பொருந்தாது.

படி வேலியில் ரெடிமேட் பேனல்களை அப்படியே மாட்டலாம். ஒவ்வொரு பேனலின் மேல்விளிம்பும் மட்டமாக நிற்கும் என்பதால், மேடை மேடையாக வெட்டிய தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். தொல்லை அடியில்தான். ஒவ்வொரு பேனலின் தாழ்ந்த பக்கத்திலும் 20 செ.மீ. வரை முக்கோண இடுக்கு விழும். நாய்க்குட்டி நுழைய அது போதும். அதை மண் போட்டு மூடுவார்கள், பலகை அங்கிருந்தே உளுக்கத் தொடங்கும். கல்வரிசையோ, தரையின் சாய்வுக்கு அறுத்த தனிப் பலகையோ வைப்பது மேல். தனிப் பலகை பின்னால் கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரே தூண் தனக்கு மேட்டுப்பக்கம் உள்ள பேனலின் முனையையும் தாங்குவதால் படியின் உயரம் அளவுக்குத் தூண் நீளம் கூடும். மரம் வாங்கும்போது மறந்துபோகும் கணக்கு இது.

சாய்வு வேலியில் அந்த முக்கோண இடுக்கு இருக்காது, மேடுபள்ளத்தோடு இசைந்து போகும். ஆனால் தூணிடையே நின்று ஒவ்வொரு பலகையாக அடிக்க வேண்டும். ரெடிமேட் பேனலை வலிந்து சாய்த்தால் ஆணிகள் பிடி தளர்ந்துவிடும். சட்டம் சாய்ந்தாலும் தூணும் பலகையும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். சட்டத்துக்குச் செங்கோணமாகப் பலகை அடித்தால் வேலி முழுவதும் குடிகாரன் போல் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டு மூன்று பலகைக்கு ஒருமுறை ரசமட்டம் வையுங்கள். இயற்கையான மேடுபள்ளத் தோட்டத்துக்கு இதையே தேர்வு செய்வோம்.

பலகையை நெருக்கி அடிப்பதா, இடைவெளி விடுவதா என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அடைத்த வேலியில் மோதும் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழுந்து செடிகளை ஒடிக்கும்; தள்ளுவிசை முழுவதையும் தூண்களே தாங்க வேண்டும். மறைப்பும் வேண்டும், காற்றும் போக வேண்டும் என்றால் சட்டத்தின் இரு புறமும் பலகைகளை மாற்றி மாற்றி அடியுங்கள். ஈரமரம் பின்னால் சுருங்கி இடுக்கு விடும். காய்ந்த மரத்தை இடமே விடாமல் நெருக்கினால் மழையில் உப்பி வளையும்.

தூணில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும்: மேலே 1.8 மீட்டர் என்றால் உள்ளே 90 செ.மீ. மரம் உளுப்பது பெரும்பாலும் தரைமட்டத்தில்தான், ஏனென்றால் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். கான்கிரீட் போட்டால் குழியின் அடியில் 10-15 செ.மீ. ஜல்லி பரப்பி, தூணின் அடிமுனை அதன்மேல் உட்காரட்டும். அடியும் கான்கிரீட்டாக இருந்தால் அது தண்ணீர் தேங்கும் கிண்ணம். மேல்பரப்பைத் தூணிலிருந்து வெளிச்சாய்வாக இழுத்துவிடுங்கள். திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து இறுக்கிய ஜல்லி மட்டுமே சாதாரணத் தூணுக்குப் போதும், நீரும் வடியும். மூலைத்தூணுக்கும் கதவுத்தூணுக்கும் மட்டும் கான்கிரீட்டைத் தவிர்க்காதீர்கள்.

சாதா இரும்பாணி துருப்பிடித்துப் பலகையில் கருங்கறை ஒழுகும். துத்தநாகம் பூசியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவோ வாங்குங்கள். பலகையின் அடி தரையைத் தொடாமல் 5 செ.மீ. மேலே நிற்கட்டும். பலகையை மாட்டுவதற்கு முன்பே அறுத்த முனைகளில் மரக்காப்பு மருந்தைத் தடவிவிடுங்கள். மாட்டியபின் தூரிகை அங்கே போகாது.