கோச் போயிட்டாரு, ஃபீஸ் மட்டும் அப்படியே இருக்கு: எங்க ஏரியா ஃபுட்பால் கோச்சிங் பத்தி ஒரு ரிவ்யூ

போன வருஷம் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புல இந்த எடத்துக்கு அஞ்சு ஸ்டார்னு நானே எழுதி, கண்ண மூடிட்டு சேத்து விடுங்கன்னு சொன்ன ஆளு. அத நம்பி நாலு பேரு பசங்கள சேத்துட்டாங்க, இப்ப லிஃப்ட்ல பாத்தா என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க. அதனால மாத்தி எழுதிடறேன். இப்ப மூணு ஸ்டார், அதுலயும் ஒண்ணு பழைய பாசத்துக்கு. கிளப் பேர போடல, ஏன்னா அங்க இருக்கற யாரும் கெட்டவங்க இல்ல. வட சென்னைல ஒரு பழைய லீக் கிளப்பு, சாயந்தரம் ஒரு டர்ஃப, அதாவது செயற்கைப் புல் போட்ட கிரவுண்ட, வாடகைக்கு எடுத்து பசங்களுக்கு கோச்சிங் நடத்துறாங்க. வாரத்துக்கு மூணு நாள், ஒண்ணரை மணி நேரம், மாசம் 2,000 ரூபா, மூணு மாசம் சேத்து கட்டணும், ஜெர்சிக்கு தனி காசு.

நான் அஞ்சு ஸ்டார் குடுத்ததுக்கு ஒரே காரணம் அந்த கோச்தான். வியாசர்பாடி ஆளு, அதே கிளப்புக்கு பல வருஷம் மிட்ஃபீல்ட் ஆடினவரு, முட்டி போனப்பறம் அங்கேயே பசங்களுக்கு சொல்லித்தர ஆரம்பிச்சாரு. வியாசர்பாடில ஃபுட்பால் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், மத்த ஏரியால பசங்க பேட்ட தூக்கிட்டு போவாங்கன்னா அங்க பந்த ஒதச்சிக்கிட்டே ஸ்கூலுக்கு போவாங்க. சேக்கற அன்னிக்கு என் பையன் புது ஸ்டட் ஷூ மாட்டிக்கிட்டு கெத்தா போய் நின்னான், அவரு ஒண்ணும் சொல்லல, கீழ குந்தி லேஸ அவுத்து டபுள் முடிச்சு போட்டு மிச்ச கயித்த ஷூ ஓரத்துல சொருகிட்டு "நாளைக்கு இத நீயே போட்டுக்கினு வரணும், அம்மா போட்டா உள்ள விட மாட்டேன்"னாரு. அப்பறம் என்னைய தனியா கூப்ட்டு, "சார் இந்த நீள ஸ்டட்டு புல்லுத் தரைக்கு, டர்ஃபுக்கு சின்ன சின்ன குமிழ் வெச்சது வாங்குங்க, இல்லாட்டி முட்டி வாங்கிடும்"னாரு. 3,400 ரூபா ஷூ, வாங்கி ரெண்டு நாள்கூட ஆகல. வயித்தெரிச்சல்தான், ஆனா மொதல் நாளே இத சொல்ற ஆள நம்பலாம்னு தோணிச்சு. பந்துலயும் அப்படித்தான், எட்டு வயசுக்கு கீழ இருந்தா 3ம் சைஸ், அதுக்கு மேல பன்னெண்டு வரைக்கும் 4, அப்பறம்தான் பெரியவங்க ஆடற 5, இத மாத்தவே விட மாட்டாரு. பல எடத்துல எல்லாருக்கும் 5ம் நம்பர் பந்த குடுத்து பொடிப்பசங்க கால் வீங்கி வர்றத நானே பாத்திருக்கேன்.

ஆனா அவரோட ஸ்பெஷல் வேற. அத நாங்க பேரண்ட்ஸ் "எத்தன விளையாட்டு"ன்னு சொல்லுவோம். ஒரு பையன் பந்துக்கு வெயிட் பண்ணிட்டு நிப்பான், எதிர்ல ஒருத்தன் பாஸ் குடுப்பான், கோச் இவன் முதுகுக்கு பின்னாடி போய் நின்னு கைய தூக்கி வெரல காட்டுவாரு. பந்து கால்ல வந்து சேர்றதுக்குள்ள இவன் திரும்பி பாத்து எத்தன வெரல்னு கத்தணும். "எத்தன?" "மூணு!" கத்தலன்னா அந்த பாஸ் செல்லாது, மறுபடியும். மொத வாரம் ஒருத்தனுக்கும் வரல, வெரல பாத்தா பந்து ஓடிடும், பந்த பாத்தா வெரல் தெரியாது, என் பையன் எல்லாத்துக்கும் "ரெண்டு"ன்னே கத்திட்டு இருந்தான். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பிராக்டிஸ் மேட்ச்ல பந்து வர்றதுக்கு முன்னாடியே தோள் மேல ஒரு பார்வை பாத்துட்டு, பின்னாடி ஆள் இல்லைன்னு தெரிஞ்சு, அப்படியே சைடா வாங்கி திரும்பி ஓடினான் பாருங்க, எனக்கு டீ கிளாஸ் கைலேர்ந்து நழுவிடிச்சு.

நான் பல வருஷமா லண்டன் கிளப்பு ஆர்சனலுக்கு ஃபேன், அதனால இத பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அங்க மிட்ஃபீல்ட் ஆடின ஜாக் வில்ஷேர். 2011 பிப்ரவரில பார்சிலோனாவ 2-1னு ஜெயிச்ச மேட்ச்ல 19 வயசுப் பையன், எதிர்ல சாவி, இனியெஸ்டா, பஸ்கெட்ஸ்னு பார்சிலோனாவோட பெரிய மிட்ஃபீல்டருங்க, இவன் பாட்டுக்கு பாதி திரும்பின மாதிரி பந்த வாங்கி வாங்கி எல்லாரையும் தாண்டி போய்ட்டு இருந்தான். அப்பறம் கணுக்கால் போச்சு, 2011-12 சீசன் முழுக்க ஆடவே இல்ல, 2018ல கிளப்ப விட்டே போனாரு, 30 வயசுல ரிட்டயர்டு. சோகக் கதைன்னு மூடி வெக்கலாம்னு பாத்தா 2022 ஜூலைல ரிட்டயர்மென்ட் சொன்ன அதே மாசம் ஆர்சனல் அண்டர் 18 டீமுக்கு கோச்சா வந்து நின்னாரு. ஒம்போது வயசுல சேந்த அதே அகாடமி, 2009ல பிளேயரா யூத் கப் (இங்கிலாந்து கிளப்புகளோட அண்டர் 18 பசங்க ஆடற கப்) ஜெயிச்ச அதே கிளப்பு. கோச்சா வந்த மொத சீசனே பசங்கள அந்த கப் ஃபைனலுக்கு கொண்டு போயிட்டாரு, 2023ல, ஆர்சனலோட சொந்த கிரவுண்ட் எமிரேட்ஸ்லயே. வெஸ்ட் ஹாம் 5-1ன்னு வெச்சு செஞ்சுட்டாங்க, அது வேற விஷயம்.

அவரும் போனாரு. 2024 அக்டோபர்ல நார்விச்னு இன்னொரு இங்கிலாந்து கிளப்போட பெரிய டீமுக்கு கோச்சிங் ஸ்டாஃபா கூப்ட்டாங்க, கெளம்பிட்டாரு, 2025 அக்டோபர்ல லூட்டன் டவுன் மேனேஜர் ஆனாரு. ஆர்சனல் வர்றதுக்கு முன்னாடி சின்னப் பையனா இருந்தது அந்த லூட்டன்லதான், சுத்தி வந்துட்டாரு பாருங்க. அவரு ஆர்சனல விட்டு போன அன்னிக்கு எனக்கு வருத்தமா இருந்துச்சு ஆனா கோவம் வரல. லிவர்பூல் பழைய கேப்டன் ஜெரார்டும் ஒரே ஒரு சீசன் அங்க அண்டர் 18 கோச்சா இருந்துட்டு 2018ல ஸ்காட்லாந்து கிளப்பு ரேஞ்சர்ஸ்க்கு மேனேஜரா போனவருதானே, பசங்க டீம் கோச்னா அது நடுவுல ஒரு ஸ்டாப்பிங், பஸ் அங்கேயே நிக்காது. நான் கவனிச்சது வேற ஒண்ணு. வில்ஷேர் கிட்ட ஆடின ஈத்தன் வானேரியும் மைல்ஸ் லூயிஸ் ஸ்கெல்லியும் அவரு போய் நாலே மாசத்துல, 2025 பிப்ரவரில மான்செஸ்டர் சிட்டிய 5-1னு அடிச்ச மேட்ச்ல ஆளுக்கு ஒரு கோல் போட்டாங்க. கோச் போனாரு, பாடம் போகல, ஏன்னா அங்க யார் வந்தாலும் என்ன சொல்லித்தரணும்னு கிளப்பு கைல இருக்கு.

எங்க கிளப்புல அது கோச் மண்டைல மட்டும் இருந்துச்சு.

அவரு போன கதை ரொம்ப சின்னது. பெங்களூர்ல ஒரு கிளப்பு அண்டர் 15 டீமுக்கு அசிஸ்டன்ட்டா கூப்ட்டாங்க, இங்க வாங்கினத விட ரெண்டு மடங்குக்கு மேல சம்பளம், தங்க எடம், லைசென்ஸ் கோர்ஸ் ஃபீஸும் அவங்களே கட்டறாங்களாம். போகாம இருந்தாதான் தப்பு. எங்ககிட்ட ஒரு மாசம் முன்னாடியே வாயால சொல்லிட்டாரு, கடைசி நாள் பசங்களுக்கு ரோஸ்மில்க் வாங்கி குடுத்துட்டு, ஒவ்வொருத்தன் கிட்டயும் "உனக்கு எடது கால் வீக்கு", "நீ ரொம்ப நேரம் பந்த வெச்சிக்கிற"ன்னு சொல்லிட்டு போனாரு. என் கோவம் கிளப்பு மேலதான். ஒரு மாசம் டைம் இருந்தும் எங்களுக்கு அஃபிஷியலா ஒரு மெசேஜ்கூட இல்ல, அதுக்கு நடுவுல அடுத்த மூணு மாச ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்கிட்டாங்க. கேட்டதுக்கு "கோச் மாறுவாங்க சார், கிளப்பு மாறாது"ன்னாரு ஆஃபீஸ்ல இருந்தவரு. நல்ல டயலாக்.

புது கோச் சின்னப் பையன், இருவத்து மூணு இருக்கும், நல்ல மாதிரி, சிரிச்ச மொகம். ஆனா வந்ததும் பத்து ரவுண்டு ஓட்டம், அப்பறம் வரிசைல நின்னு ஒருத்தன் ஒருத்தனா கோல் அடிக்கறது, ஒரு ஷாட்டுக்கு நாலு நிமிஷம் லைன்ல நிக்கறாங்க, ஒருத்தன ஒருத்தன் கிள்ளிட்டு. கடைசில ஒரே பந்து, இந்தப் பக்கம் பதினாலு பேரு அந்தப் பக்கம் பதினாலு பேரு, பந்து எங்கயோ அங்க மொத்த கூட்டமும். பழைய கோச் அதே டர்ஃப கோன் வெச்சு பிரிச்சு, நாலு பேருக்கு நாலு பேருன்னு ஆட விடுவாரு, ஒரு பையன் பத்து நிமிஷத்துல முப்பது நாப்பது தடவை பந்த தொடுவான். இப்ப என் பையன் பந்த தொட்டத ஒருநாள் உக்காந்து எண்ணினேன். ஆறு. அதுல ஒண்ணு அவுட் போன பந்த எடுத்துட்டு வந்தது.

பழைய கோச் என்ன சொல்லித்தந்தாருன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களான்னு நானே அந்த புது தம்பிகிட்ட கேட்டேன். "இல்லங்க சார், சாவியும் விசிலும் குடுத்தாங்க"ன்னான். அவன் மேல என்ன தப்பு சொல்றது. வெரல் விளையாட்ட நான் நடிச்சுக் காட்டினேன், ஆர்வமா கேட்டுக்கிட்டான், அடுத்த நாள் ட்ரை பண்ணவும் செஞ்சான், ஆனா இருவத்தெட்டு பேருக்கு ஒரே ஆளு, எத்தன பேரு முதுகுக்கு பின்னாடி போய் நிக்க முடியும்? முன்னாடி பதினெட்டு பேருக்கு மேல பேட்ச்ல எடுக்க கூடாதுன்னு கோச் சண்டை போடுவாராம், அதுவே எங்களுக்கு அவரு போனப்பறம்தான் தெரிஞ்சுது.

சேக்கலாம்னு யோசிக்கறவங்களுக்கு: டர்ஃப் நல்லா இருக்கு, லைட் நல்லா இருக்கு, தண்ணி கேன் எப்பவும் ரொம்பி இருக்கும், பாத்ரூம் மட்டும் கேக்காதீங்க. நவம்பர் மழைல கேன்சல் ஆன கிளாஸுக்கு பதில் கிளாஸ் வெப்பாங்க, அதுல நேர்மை உண்டு. ஆனா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போய் ஓரமா நின்னு உங்க பையன் வயசுல ஒரு பையன மட்டும் பாருங்க, எத்தன தடவை பந்து தொடறான்னு எண்ணுங்க. கோச்சுக்கு குறைஞ்சது ஏ.ஐ.எஃப்.எஃப். (இந்திய ஃபுட்பால் சம்மேளனம்) குடுக்கற டி லைசென்ஸாவது இருக்கான்னு கேளுங்க, அவரு நாளைக்கு கெளம்பிட்டா யாரு, பேட்ச்ல எத்தன பேருன்னும் கேளுங்க. மூணு மாசம் கட்ட சொன்னா ஒரு மாசம் கட்டறேன்னு அடம் புடிங்க, ஒத்துப்பாங்க, நான் லேட்டா தெரிஞ்சுக்கிட்டேன்.

கட்டின ஃபீஸ்ல எங்களுக்கு இன்னும் அஞ்சு வாரம் பாக்கி இருக்கு. என் பையன் வீட்ல ஹால்ல பந்த செவுத்துல அடிச்சுட்டு, பின்னாடி தங்கச்சிய நிக்க வெச்சு வெரல் காட்ட சொல்றான். அவளுக்கு மூணு வயசு, ரெண்டு கையையும் விரிச்சு பத்துதான் காட்டுவா, இவனும் திரும்பி பாத்துட்டுத்தான் "பத்து"ன்னு கத்தறான். கீழ் வீட்டு ஆன்ட்டி ரெண்டு தடவை மேல வந்துட்டாங்க.