65 அங்குல டச் போர்டு: எல்லைப் பக்கத் தமிழ் மீடியம் பள்ளியில் ஓட்டிப் பார்த்ததில்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு எய்டட் (அரசு உதவி பெறும்) ஹைஸ்கூலில் ஹெச்.எம். வேலை எனக்கு. தமிழ் மீடியம். எங்கள் பழைய மாணவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பணம் போட்டு போன வருடம் ஒரு டச் போர்டு, அதாவது தொட்டு இயக்குகிற பெரிய திரை, வாங்கித் தந்தார்கள். அதிலிருந்து அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து “டீச்சர், அது எப்படி, வாங்கலாமா?” என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலைக்கு வருகிற போர்டுகளின் குணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

புரொஜக்டர் இருக்கும்போது இது எதற்கு என்றுதான் பள்ளி மேனேஜர் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. கேரளாவில் 2018-ல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜக்டர், ஸ்பீக்கர் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அந்த புரொஜக்டர்களுக்கு ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலில் நாற்பது பிள்ளைகளை உள்ளே வைத்து ஜன்னலைச் சாத்திப் பாருங்கள், தெரியும். போர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, வெளிச்சத்திலேயே படம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது, பிள்ளைகள் கையால் தொட்டு நகர்த்தலாம். இந்த இரண்டுக்காக மட்டும் வாங்கலாம். மற்றதெல்லாம் விற்பனைப் பேச்சு.

தொட்டு நகர்த்துவதில் என்ன பெரிசு என்றால், எங்கள் கணக்கு மாஷ் (இங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எடுத்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ரிட்டயர்மென்ட் பக்கத்தில் இருப்பவர். “எனக்கு சாக்பீஸ் போதும் டீச்சரே” என்று ஒதுங்கியே நின்றார். பத்தாம் வகுப்பில் வட்டமும் கோணமும் வரும் இடம். ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் ஒரு வட்டம், அதன் விட்டம், விட்டத்தின் இரண்டு முனைகளோடும் கோடு போட்டுச் சேர்த்த ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் உண்டாகிற கோணத்தின் அளவு பக்கத்திலேயே எண்ணாகத் தெரியும். மாஷ் அந்த எண்ணை முதலில் மறைத்துவிட்டார். புள்ளியை வட்டத்துக்குள்ளே கொண்டுபோனால் கோணம் கூடுமா, குறையுமா? கை தூக்கச் சொன்னார். பாதி வகுப்பு குறையும் என்றது. அப்புறம்தான் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நகர்த்தச் சொன்னார். வட்டத்தின் மேலேயே ஓட்டினாள்: எங்கே போனாலும் 90. உள்ளே இழுத்தாள், எண் ஏறியது. வெளியே இழுத்தாள், இறங்கியது. பின்னாலிருந்து ஒருவன் “மாஷே, நடுவில வெச்சா?” என்றான். மையத்தில் வைத்தால் 180, கோடு நேராகிவிட்டது. அந்தக் கேள்வியை மாஷ் எதிர்பார்க்கவில்லை. மீதி நேரம் அவர் போர்டைத் தொடவே இல்லை, கரும்பலகைக்குப் போய் நிரூபணம் எழுதினார். இப்படிப் பத்து நிமிடம் போதும். பீரியட் முழுக்க வீடியோ ஓட்டுகிற ஆசிரியருக்கு டிவியே போதும்.

ஜியோஜீப்ரா இலவசம், 2001-லிருந்து இருக்கிறது. நம் ஐ.சி.டி. (கம்ப்யூட்டர்) பாடத்திலும் வருவதால் பிள்ளைகளுக்கே பழக்கம். இயற்பியலுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) சிமுலேஷன்கள், திரையிலேயே செய்து பார்க்கிற சோதனைகள், அதுவும் இலவசம். ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமல் ஓடும். சில தமிழிலேயே இருக்கின்றன.

இனி கம்பெனிக்காரர்கள் போர்டோடு சேர்த்துக் கட்டுகிற “கன்டென்ட்” சமாச்சாரம், அதாவது பாட வீடியோ, ஸ்லைடு எல்லாம். முதல் வருடம் சும்மா, அடுத்த வருடத்திலிருந்து சந்தா. சுத்த வீண். தமிழ் என்று அவர்கள் தருவது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளைக்குச் சரி. நம் பிள்ளைகள் படிப்பது கேரள அரசின் பாடநூல் அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி. போடுகிற புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு. அதுவும் 2024-லும் 2025-லுமாக ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாப் புத்தகமும் மாறிவிட்டது. பாட வரிசை எங்குமே ஒத்துவரவில்லை. “அப்டேட் வரும் மேடம்” என்றார் விற்க வந்த தம்பி. இன்னும் வருகிறது. போதாததற்கு அவர்கள் ஸ்லைடுகளில் எழுத்தும் உடைகிறது: ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தே பீரியட் முடிந்தது. தமிழ்நாட்டுப் பாட வீடியோதான் வேண்டுமென்றால் அந்த அரசே 2023-ல் மணற்கேணி செயலியை இலவசமாக விட்டிருக்கிறதே, அதற்கு நாம் ஏன் தனியாருக்குக் காசு கட்ட வேண்டும்?

போர்டு விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்யும் என்றும் அந்தத் தம்பி சொன்னார். எங்கள் லிட்டில் கைட்ஸ் (பள்ளிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் கிளப்) பிள்ளை ஒருத்தி, விண்டோஸுக்குப் பதிலாக கேரளப் பள்ளிகளில் ஓடுகிற கைட் லினக்ஸ் போட்ட லேப்டாப்பையே கொண்டுவந்து சொருகினாள். படம் வந்தது, தொட்டால் அசையவில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் சத்தத்தையும் மட்டும்தான் கொண்டுவரும், தொடுவதற்குத் தனியாக ஒரு யு.எஸ்.பி. கேபிள் வேண்டும். அதையும் சொருகியதும் சரியாகிவிட்டது. போர்டில் எழுதுவதற்கு ஓப்பன்போர்டு என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டோம், அதுவும் இலவசம்தான். இப்போது போர்டில் எது நின்றாலும் ஆசிரியர்கள் முதலில் கூப்பிடுவது அவளைத்தான், கம்பெனியை இல்லை.

தூசியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். போர்டின் விளிம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஓடுகிறது, விரல் அதை மறிக்கும் இடத்தைத்தான் அது தொடுகையாக எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும். மண் போய் விளிம்பில் உட்கார்ந்தால் யாரும் தொடாமலே கோடு விழும், பக்கம் புரளும். “போர்டுக்குப் பேய் பிடிச்சிருச்சு டீச்சர்” என்று ஆறாம் வகுப்பு ஓடிவந்தது. சர்வீஸுக்குச் சொன்னால் ஆள் வர ஒரு வாரம் ஆகிறது. உலர்ந்த மெல்லிய துணியால் காலையில் ஒருமுறை விளிம்பைத் துடைத்தால் போதும். நேர்வெயில் படுகிற சுவரில் மாட்டினாலும் இதே கோளாறு வரும். உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்ட வந்தவர்கள் தங்கள் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போவார்கள், அப்புறம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போர்டின் கீழ்ப் பாதி மட்டும்தான் எட்டும். ஸ்டெபிலைசர் விலையில் சேர்த்தி இல்லை, கேட்டு வாங்குங்கள்.

ஹெச்.எம்.களுக்கு மட்டும் ஒன்று. ஆசிரியர் வேலை குறையும் என்று கம்பெனி நோட்டீஸில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். முதல் சில மாதம் வேலை கூடத்தான் செய்யும். அவர்கள் தருகிற பயிற்சி பேனாவின் நிறம் மாற்றுவதோடு முடிந்துவிடும். பாடம் தயாரிக்க ஆசிரியருக்கு நேரம் யார் தருவது? நான் சப்ஸ்டிட்யூஷன் பீரியடுகளில் (லீவில் இருக்கிறவருக்குப் பதிலாகப் போகிற வகுப்புகள்) பாதியை நானே எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தை அவர்களுக்கு விட்டேன். ஆபீஸ் வேலை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது, வீட்டில் திட்டும் விழுந்தது. ஆனால் அதைச் செய்யாதவரை கணக்கு மாஷும் பயாலஜி டீச்சரும் அந்தப் பக்கம் வரவே இல்லை. ‘ஸ்மார்ட் ரூம்’ என்று தனி அறை வைத்துப் பூட்டவும் வேண்டாம். எங்கள் போர்டு பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. மற்ற வகுப்புகள் டைம்டேபிள்படி அங்கே வரும். சாவி கிளாஸ் லீடரிடம்.

போர்டுக்கு ஐந்துக்கு நான்கு. கன்டென்டுக்கு ஒன்றுகூடத் தர மனமில்லை. சர்வீஸுக்கு இரண்டு. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லித் தம்பி இன்னும் கூப்பிடுகிறார், நாங்கள் கட்டவில்லை. கன்டென்ட் இல்லாமல் விலை போடச் சொல்லிக் கேளுங்கள், நன்றாகவே குறைப்பார்கள். வாங்குவதென்றால் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலேயே மாட்டிவிடுங்கள், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆசிரியர்களுக்குக் கை பழகிவிடும்.