லிங்கனா, நாரிச்சா?

இங்கிலாந்தில் ஒரே ஒரு நார்மன் கோட்டை (பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் கட்டியது) பார்க்கத்தான் நேரம் என்றால், லிங்கன் நகரத்துக்கா, நாரிச் நகரத்துக்கா, எதற்குப் போவது?

தோற்றம்: லிங்கன் கோட்டை 1068-இல், பழைய ரோமானிய மதிலுக்குள் எழுந்தது. அந்த இடத்துக்காக 166 வீடுகள் காலி. நாரிச்சிலும் குடியிருப்புகளை இடித்துத்தான் கோட்டைக்கு மேடு போட்டார்கள்.

கட்டடம்: நாரிச்சின் சதுரக் கோபுரத்துக்கு நார்மண்டியின் கான் நகரிலிருந்து கப்பலில் வெள்ளைக்கல் வந்தது. ஆனால் இன்று வெளியே தெரிவது 1830-களில் போர்த்திய புதுக்கல். எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். லிங்கனில் மதில்மேலேயே சுற்றி நடக்கலாம். எதிரே பேராலயம். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட 1215-ஆம் ஆண்டு சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்றும் இந்தக் கோட்டையில்தான்.

சிறை: இரண்டு கோட்டைகளுமே ஒரு காலத்தில் சிறையாக இருந்தன.

நடை: லிங்கனுக்குச் செங்குத்தான ஏற்றம், மூச்சு வாங்கும். நாரிச்சில் கோட்டையிலிருந்து இறங்கினால் நார்மன் காலத்துச் சந்தை பக்கத்திலேயே.

முழங்கால் வலியா, நாரிச். மற்றவர்கள் லிங்கனுக்கே போங்கள்.